உயிரோடு இருப்பவனுக்குக் கண்ணீர் அஞ்சலி

என் அண்ணன் மகன் உயிரோடுதான் இருக்கிறான். கனடாவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான். ஆனால் பொன்மலையில் எங்கள் தெருமுனைச் சுவரில் அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருக்கிறது.

ஒட்டியவர் அவனைப் பெற்ற என் அண்ணன். மகனுக்கு இன்னொரு பையன் மேல்தான் விருப்பம் என்று தெரிந்ததும் பெல்ட்டால் அடித்தார், அறையில் போட்டுப் பூட்டினார், அவசரமாகப் பெண் பார்த்தார். படிப்புக்கு வாங்கிய விசா கையில் இருந்ததால் அவன் தப்பினான். அவன் போன பதினாறாம் நாள் அண்ணன் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் மொட்டையடித்து, காவிரியில் பிண்டம் கரைத்தார்.

"எப்படிங்க ஆச்சு?" என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

"ஆக்சிடென்ட்" என்றார்.

பொய் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு உட்கார்ந்து, வடைக்கு உப்புக் குறைவு என்றார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் அவன் என்னைக் கூப்பிட்டான். "அத்தை, இங்கேயே இருக்க அடைக்கலம் கேட்டிருக்கேன். ஊருக்குப் போனா என்ன ஆபத்து, காட்டுன்னு சொல்றாங்க. எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. திருப்பி அனுப்பிடுவாங்க போல."

போஸ்டர் விஷயம் அவனுக்குத் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"போட்டோவாவது நல்லா இருக்கா, அத்தை?"

"தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டைடா."

கடையில் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிறவள் நான். ஆனாலும் மறுநாள் தெருவே பார்க்க நின்று போஸ்டரைப் போனில் படம் எடுத்தேன். ஷிப்ட் முடிந்து அண்ணன் சைக்கிளில் வந்தார்.

"அங்க என்ன பண்ற?"

"அவனை அங்கேயே வச்சுக்க அத்தாட்சி வேணுமாம். நீங்களே அடிச்சு ஒட்டியிருக்கீங்க. கீழ உங்க பேரும் இருக்குண்ணே."

சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் நகத்தால் போஸ்டரைச் சுரண்டினார். நல்ல பசை. வரவில்லை. அதற்குள் படம் போய்ச் சேர்ந்துவிட்டது.

விசாரணை இன்னும் முடியவில்லை. அடுத்த வாரம் அவனுக்கு வருஷத் திதியாம், சமைக்கச் சொல்கிறார் அண்ணி. இவர்கள் வீட்டில்தான் நான் சாப்பிடுகிறேன், படுக்கிறேன். இருந்தாலும் அன்றைக்கு அந்த அடுப்பை நான் பற்றவைக்க மாட்டேன்.