தரையில் கிடந்த கத்தரி

தையல் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். துணியை அடுக்கி, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டித் தருகிற வேலை. குனிந்தே வெட்டி வெட்டி முதுகுத்தண்டில் டிஸ்க் விலகிவிட்டது. இப்போது முன்னறையில் பாய் போட்டுக் கிடந்தார்.

கிடப்பவருக்குக் கண்ணில் படுவதெல்லாம் கால்கள்தான். உதவியாள் பார்க்க வந்தபோது மாஸ்டர் அவன் பேண்ட்டின் அடிமடிப்பைத்தான் பார்த்தார். புதுசு. தன் கை வெட்டியது இல்லை.

"மேசை சும்மாதான் கெடக்கு மாஸ்டர். நிதானமா வாங்க."

மேசை சும்மா கிடக்கவில்லை என்று அவருக்குப் புரிந்துபோயிற்று.

அதைக்கூடத் தாங்கியிருப்பார். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இதற்கு இவ்வளவு வலி இருக்காதே என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். அன்றிலிருந்து அவளும் அவள் தம்பியும் சமையலறையில் தணிந்த குரலில் பேசினால் தன் வலியைப் பற்றித்தான் என்று தோன்றியது. மச்சான் மாத்திரை வாங்கிவந்தால் வேவு பார்க்க வருகிறான் என்று பட்டது. அவள் உள்ளே வரும்போது மாஸ்டர் கொஞ்சம் உரக்கவே முனகினார். தனியாக இருக்கையில் முனகல் வராதது அவருக்கே உறுத்தியது.

ஒருநாள் காலையில் வலி குறைந்திருந்தது. சந்தோஷம் வரவில்லை, பயம் வந்தது. எழுந்து நடமாடினால் இதுவரை பட்டதெல்லாம் பொய்யாகிவிடும். அசையாமல் கிடந்தார்.

மதியம் கண் விழித்தபோது, ஆணியில் மாட்டியிருந்த அவருடைய பெரிய கத்தரி சுவரோரம் தரையில் கிடந்தது. தரையில் கத்தரி கிடந்தால் அவருக்குப் பொறுக்காது, முனை போய்விடும். அதற்காகவே கம்பெனியில் பலரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். எழுந்துபோய்க் குனிந்து எடுத்தார். வளையத்துக்குள் விரல் நுழைந்த பிறகுதான் உறைத்தது, கத்தரி விழுந்த சத்தமே கேட்கவில்லை.

வாசற்படியில் மனைவி.

"நீதான வெச்ச?"

"தம்பிதான் வெச்சுப் பாக்கச் சொன்னான்."

நிமிரப் போனார். இடுப்பிலிருந்து குதிகால்வரை சுண்டி இழுத்தது. கத்தினார். வலித்துக் கத்தினாரா, அவள் கேட்கவேண்டும் என்று கத்தினாரா, பிடிபடவில்லை. கத்தரி கையைவிட்டு நழுவியது. அவள் ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

"எனக்கு நெசமாவே வலிக்குதாடி?"

அவள் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள்.

"வேர்த்துக் கொட்டுது. இதையுமா நடிக்க முடியும்?"

பாயில் சாய்த்துவிட்டு, கத்தரியை எடுத்து ஆணியில் மாட்டி, அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நடிப்பு என்ற பேச்சை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. அது அவள் வாயில் எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.