‘எட்டாது’ என்று சொன்ன அண்ணை

எங்கள் அண்ணை மறைந்து ஓராண்டு நிறைகிறது. முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று, கல்வெட்டு என்ற நினைவு மலரை அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பது எங்கள் பகுதி வழக்கம். அண்ணையின் அந்தியேட்டி கொடிகாமத்தில், முன்பின் தெரியாத ஒருவருடைய வளவில், தறப்பாளுக்குக் கீழே நடந்தது. அச்சகம் இல்லை, கடதாசி இல்லை, வந்த ஐயர் இருப்பதற்குக்கூட இடமில்லை. அன்று எழுதியிருக்க வேண்டியதை ஆண்டுத் திவசமான இன்று அவருடைய தங்கை நான் எழுதுகிறேன்.

கல்வெட்டுகளில் இறந்தவருடைய நல்ல குணங்களை மட்டும் அடுக்குவார்கள். அப்படி எழுதினால் அண்ணைக்கே பிடிக்காது. ஆகவே அவர் விட்ட ஒரு பிழையையும் எழுதப் போகிறேன். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், எல்லோருக்கும் தெரிந்த பிழைதான். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அண்ணை மருதனார்மடத்துக்குக் கிட்ட, தோட்டம் செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அவருக்கு எட்டு வயதானபோது நான் பிறந்தேன். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. எங்கள் தகப்பனார், அப்பு, பாம்பு கடித்து இறந்தபோது அண்ணைக்குப் பதினெட்டு வயது. வெங்காயமும் புகையிலையும் நட்டு இரண்டு வருடம் இழுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள், கொழும்புக்குப் போய் இராணுவத்தில் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அம்மா மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அதுவும் தபால் கந்தோர், றெயில்வே போல ஓர் அரசாங்க உத்தியோகம்தான். எங்கள் ஆட்களும் அங்கே இருந்தார்கள். அந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டுதான் என்னைப் படிக்கவைத்து ஆசிரியை ஆக்கினார்.

பதினைந்து வருடச் சேவையின் முடிவில் அண்ணை ஒரு சார்ஜன். சிங்களச் சோதனை எழுதினால் இன்னும் மேலே போகலாம் என்றார்கள். “கதைப்பன், சோதனை எழுதமாட்டன்” என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். கொக்குவிலில் றெயில் பாதைக்குக் கிட்டக் காணி வாங்கி, வீடும் மதிலும் கட்டி, என்னையும் அம்மாவையும் கூட்டிவந்தார். நாங்கள் இருவருமே கலியாணம் செய்யவில்லை. அண்ணைக்கு வாய் இல்லாததும் எனக்கு வாய் கூடினதும்தான் காரணம் என்று எங்கள் மாமி சொல்லுவார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு வரைக்கும் ஒழுங்கைக்கு அவர் ‘ஆமிக்காரர்’. அந்த ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, யாரும் கூடிப் பேசாமலே, எல்லோரும் அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். அண்ணை ‘சார்ஜன் அண்ணை’ ஆனார். கேள்விகளும் அதோடு தொடங்கின. சந்தையில், சலூனில், கோயில் வீதியில் என்று அவரைக் கண்ட இடமெல்லாம் மறித்துக் கேட்பார்கள்.

“கப்டன் பெரிசோ, மேஜர் பெரிசோ அண்ணை?”

“மேஜர்.”

“அப்ப லெப்டினன்ற்?”

“அவர் கப்டனுக்கும் கீழை. ஆனால் லெப்டினன்ற் கேணல் எண்டால் மேஜருக்கு மேலை.”

கேட்டவர் முழிப்பார். அண்ணை பொறுமையாக, தோளில் நட்சத்திரம் வைத்தவர் யார், சட்டைக் கையில் மடித்த கோடு வைத்தவர் யார், யாருக்கு யார் சலூட் அடிக்கவேண்டும் என்று முதலிலிருந்து விளங்கப்படுத்துவார். அது வெறும் ஆவலால் கேட்ட கேள்வி இல்லை. சுற்றிவளைப்பில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் யாரிடம் போய்க் கேட்பது என்று தாய்மாருக்குத் தெரியவேண்டியிருந்தது. எங்கள் சனம் சீருடை போட்ட எல்லோரையும் ‘கொமாண்டர் ஐயா’ என்றுதான் கூப்பிடும். “நட்சத்திரக்காரனிட்டைப் போய் அழாதையுங்கோ. மூண்டு கோட்டுக்காரன்ரை கையிலைதான் பேர் எழுதின துண்டு இருக்கும். அவனைக் கேளுங்கோ” என்று அண்ணை சொல்லிவிடுவார். அந்தப் புத்தியால் இரண்டு பிள்ளைகள் வீடு திரும்பியது எனக்குத் தெரியும்.

இன்னொரு கேள்வியையும் எவரும் கேட்காமல் விட்டதில்லை. யாரையாவது சுட்டிருக்கிறாரோ என்பதுதான் அது. “பதினைஞ்சு வருசமும் களஞ்சியத்திலை நிண்டு காலுக்குச் சப்பாத்துக் குடுத்தனான். ஆரையும் கடிச்சிருந்தால் அந்தச் சப்பாத்துத்தான் கடிச்சிருக்கும்” என்பார். அது உண்மை. அவர் களஞ்சியப் பொறுப்பாளர். சப்பாத்து, கம்பளி, துவக்கு, குண்டு எல்லாம் அவருடைய கையால் போய் அவருடைய கைக்கே திரும்பி வந்தவை. போர் என்ற ஒன்றை அவர் கண்ணால் கண்டதில்லை. இதை அவர் ஒளித்ததுமில்லை. நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊரில் ஒரேயொரு வைத்தியர் இருந்தால் அவரிடம்தான் எல்லா நோயையும் காட்டுவார்கள்.

எண்பத்தாறு, எண்பத்தேழில் ஆமி முகாமிலிருந்து ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். பதுங்கிக்கொள்ள எப்படிப் பங்கர் வெட்டுவது என்று அண்ணையைக் கேட்டார்கள். வாசல் நேராக இருக்கக்கூடாது, ‘ட’ எழுத்துப்போல ஒரு மடக்கு வேண்டும், மேலே பனங்குற்றி அடுக்கி இடுப்பளவு மண் போடவேண்டும் என்று வீடு வீடாகப் போய் நின்று சொன்னார். பதினொரு வீட்டில் பத்து வீட்டார் வெட்டினார்கள். நல்லதம்பியர் மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். எங்கள் மதிலுக்கு அடுத்த வளவு அவருடையது. சுருட்டுச் சுற்றுகிறவர். சத்தம் கேட்டால் மனைவி பூமணி அக்காவைக் கூட்டிக்கொண்டு எங்கள் பங்கருக்கு ஓடிவருவார்.

நாட்போக்கில் சனத்துக்கு ஒரேயொரு கேள்விதான் மிஞ்சியது. சத்தம் கேட்டவுடன் அண்ணையின் முகத்தைப் பார்ப்பார்கள்.

“எட்டுமோ அண்ணை?”

அண்ணை கொஞ்சம் செவி கொடுப்பார். முகாமில் இருப்பது மோட்டர் என்ற சின்னப் பீரங்கி, அது இன்ன தூரத்துக்குமேல் போகாது, எங்கள் ஒழுங்கை அதற்கு அங்கால் என்று அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. “எட்டாது” என்பார். சனம் திரும்பிப் போய் உலையைப் பார்க்கும். அந்த ஒரு சொல்லால் எத்தனையோ நாள் நாங்கள் நிம்மதியாகச் சமைத்துச் சாப்பிட்டோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எண்பத்தேழாம் ஆண்டு ஒரு காலைப்பொழுது. சத்தம் தொடங்கியது. நல்லதம்பியர் எங்கள் வாசல் படலையடிக்கு வந்தார். பக்கத்தில் பூமணி அக்கா நின்றார். நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன்.

“அண்ணை, பங்கருக்கை வரவோ? புகையிலை காயப்போட்டுக் கிடக்கு. மழையும் வரும்போல கிடக்கு.”

அண்ணை காதுகொடுத்துக் கேட்டார். “உது எட்டாது நல்லதம்பி. நீர் போய் வேலையைப் பாரும்.”

“அப்ப சரி.”

அவர் தம் வளவுக்குத் திரும்பினார். பூமணி அக்கா என்னோடு ஏதோ கதைத்தபடி படலையடியிலேயே நின்றார். மூன்றாவது ஷெல் நல்லதம்பியருடைய முற்றத்தில் விழுந்தது.

முகாமுக்குப் பெரிய பீரங்கி ஒன்று கொண்டுவந்திருந்தார்களாம். பிறகுதான் அறிந்தோம். அண்ணையின் கணக்குச் சரி, ஆயுதம் வேறு. அண்ணைக்குத் தெரிந்த ஆமி அவர் வேலையை விட்ட வருடத்தோடு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு உலகம் என்னென்ன செய்திருக்கும் என்று அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

செத்தவீட்டில் அண்ணை வளவுக்குள்ளே போகவில்லை. பறை முடியும்வரை ஒழுங்கையில் மதிலோரம் நின்றார். பூமணி அக்கா அவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று நான் பல நாள் நினைத்ததுண்டு. முப்பத்தோராம் நாள் கழிந்த பிறகு அண்ணை மண்வெட்டியோடு அந்த வளவுக்குப் போய், ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடாமல், பூமணி அக்காவுக்கு ஒரு பங்கர் வெட்டினார். பிறகு றெயில் ஓடாமல் நின்று, ஊரெல்லாம் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் கழற்றியபோது, பனங்குற்றிகளை எடுத்துவிட்டுச் சிலிப்பர் கட்டை அடுக்கினார். பூமணி அக்கா தின்னத் தந்தனுப்புவதெல்லாம் முன்போலவே வந்தது. ஆனால் என்னிடம்தான் வரும். அண்ணையோடு அவர் கதைக்கவில்லை. அண்ணையும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணை எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. “எனக்குத் தெரியாது.” கப்டன் பெரிசோ மேஜர் பெரிசோ என்று பள்ளிக்கூடப் பெடியன் கேட்டாலும் அதுதான் பதில். வேறு நாட்டு ஆமி வந்தது, போனது, மறுபடி சண்டை தொடங்கியது. சனம் கேட்டுக் கேட்டு அலுத்து, கேட்பதை விட்டுவிட்டது. இரவில் அவர் நித்திரை கொள்ளாமல் படுக்கையில் எழுந்திருப்பது எனக்குக் கேட்கும். எனக்குக் கோபம் வரும். ஒருநாள், “செத்தது ஒருத்தர்தான், நீங்களும் சேர்ந்து சாகவேணுமோ?” என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இதை இந்த மலரில் எழுதிவைக்கிறேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிவில் ஆமி நெருங்கிவர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதையும் விட்டு எழும்பச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை வேறு. ஒழுங்கைச் சனம் போவதா நிற்பதா என்று தெரியாமல் படலைகளில் நின்றது. பழைய பழக்கத்தில் எல்லோருடைய கண்ணும் எங்கள் வீட்டைப் பார்த்தது. அண்ணை உள்ளே கதிரையில் இருந்தார்.

பூமணி அக்கா படலையைத் திறந்துகொண்டு நேரே உள்ளே வந்தார். எட்டு வருடத்தில் முதல் தடவை.

“அண்ணை, போகவோ, நிக்கவோ?”

“எனக்குத் தெரியாது பூமணி.”

“தெரியாட்டிலும் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதைத்தான் நான் செய்வன்.”

அண்ணை எழுந்து நின்றார். வாசலால் ஒழுங்கையைப் பார்த்தார். “போவம்” என்றார். “தங்கச்சி, என்ரை சட்டையை எடு.”

பதினொரு வீட்டாரையும் ஒழுங்கையில் கூட்டிவைத்து அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். “நடக்க ஏலாதவையை முன்னுக்கு விடுங்கோ. அவையின்ரை நடைதான் எல்லாருக்கும் நடை. ஒரு மணித்தியாலம் நடந்தால் பத்து நிமிசம் இருக்கவேணும், களைக்காட்டிலும் இருக்கவேணும். செருப்பைக் கழட்டாதையுங்கோ. தண்ணியோடை உப்பும் கொண்டுவாங்கோ. கடைசி ஆள் நான். எனக்குப் பின்னாலை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் நிக்கக்கூடாது.”

நாவற்குழிப் பாலத்தில் அன்று எத்தனை குடும்பம் பிள்ளையைத் தவறவிட்டது, எத்தனை முதியவர்கள் வழியில் இருந்துவிட்டார்கள் என்பது இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் தவறவில்லை. அறுபத்தாறு வயதில் அண்ணை அந்த மழை முழுவதும் வரிசையின் கடைசியில், வழியில் நடக்க ஏலாமற்போன ஒரு கிழவரைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார்.

கொடிகாமத்துக்கு வந்து இரண்டாம் கிழமை அண்ணைக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. மருந்துக்குத் தட்டுப்பாடு. பூமணி அக்கா கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார். ஒரு பின்னேரம் அண்ணை, நான் பக்கத்தில் இருப்பதையும் பாராமல், அவரைக் கேட்டார்.

“பூமணி, அண்டைக்கு நான் சொன்னபடியால்தானே நல்லதம்பி திரும்பிப் போனவர்?”

பூமணி அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். “இல்லை அண்ணை. நீங்கள் வா எண்டு சொல்லியிருந்தாலும் அந்த மனுசன் போயிருக்கும். புகையிலை நனையப்போகுது எண்டு விடியவே என்னோடை சண்டை. உங்களை ஒரு சாட்டுக்குத்தான் கேட்டவர்.”

அண்ணை கோப்பையை எடுத்து முழுவதையும் குடித்தார்.

எங்களை வளவில் இருக்கவிட்ட கொடிகாமத்துக் குடும்பத்துக்கும், பாடை கட்ட மூங்கில் தேடித் திரிந்தவர்களுக்கும், இடம்பெயர்ந்த நிலையிலும் கிரியையை முறைப்படி செய்துவைத்த ஐயருக்கும், தங்களுக்கே இல்லாத நேரத்தில் அரிசி கொண்டுவந்து தந்த ஒழுங்கைச் சனத்துக்கும், இன்று வீடு திரும்பி இந்தத் திவசத்துக்கு வந்திருக்கிற உறவினர், நண்பர்கள் எல்லோருக்கும் என் நன்றி.

பூமணி அக்காவுக்கு நான் தனியாக நன்றி சொல்லவேண்டும். இதை அச்சுக்குக் கொடுக்கமுதல் அவருக்கு வாசித்துக் காட்டினேன். “அது பொய்யெண்டு மட்டும் எழுதாதை பிள்ளை” என்றார். அக்கா, மன்னிக்கவேண்டும். அன்று முற்றத்தில் நான் நின்றேன். உங்கள் கணவர் கேட்டதும், அண்ணை சொன்னதும், அவர் ‘அப்ப சரி’ என்றதும் என் காதால் கேட்டவை. நீங்கள் சொன்னது பொய். அண்ணைக்கும் அது தெரிந்திருக்கும்.

நீங்கள் அதைச் சொன்ன பிறகு அண்ணை மூன்று இரவுகள் உயிரோடு இருந்தார். மூன்று இரவும் விடியும்வரை நித்திரை கொண்டார்.