பேட்டரிக்குச் சோறு

கோலா பிலா பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஒரு பேட்டரி இருந்தது. அந்தப் பேட்டரிக்கு ஒரு டிரைவர் இருந்தார். பெயர் திருநாவுக்கரசு.

மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம் அது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகள் டெலிபோன் கம்பியை அறுத்துவிட்டதால், வெள்ளைக்காரத் துரை தன் பங்களாவில் ஒரு வயர்லெஸ் பெட்டி வைத்திருந்தார். ஆபத்து வந்தால் போலீஸைக் கூப்பிடலாம். மற்ற நாளில் பெட்டியைத் தொடமாட்டார், பங்களாவை விட்டும் வெளியே போகமாட்டார். பெட்டிக்கு உயிர் அந்தப் பேட்டரிதான். தினமும் அதைக் காரின் பின்சீட்டில் வைத்து, இரண்டு கம்பியால் எஞ்சினோடு இணைத்து, ஒரு மணி நேரம் ஓட்டினால் சார்ஜ் ஏறும். நின்ற இடத்தில் உறுமவிட்டால் எஞ்சினுக்குச் சூடுதான் ஏறும்.

ஆகவே, துரை ஆபத்தில்லாமல் இருப்பதற்காகத் திருநாவுக்கரசு தினமும் காட்டோரச் சாலையில் தன்னந்தனியாகப் போய்வந்தார். வழியில் யாராவது சுட்டால் யாரைக் கூப்பிடுவது? பெட்டி பங்களாவில், பேட்டரி காரில். இதைத் துரையிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "அப்படியானால் வேகமாக ஓட்டு" என்றார் துரை.

இந்த வேலைக்குத் தொழிலாளர் லயத்தில் 'பேட்டரிக்குச் சோறு போடுறது' என்று பெயர். எஸ்டேட் கேட்டில் நிற்கும் மலாய்க்காரக் காவலர் எங்கே என்று கேட்டால், "காசி மாக்கான்" என்பார் திருநாவுக்கரசு. சாப்பாடு கொடுக்கப் போகிறேன் என்று அர்த்தம். விஷயம் தெரிந்த பழைய காவலர் சிரித்துக்கொண்டே தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவார்.

ஒருநாள் காவலர் மாறிவிட்டார். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடி சோறு வேலிக்கு வெளியே போனாலே சிறை என்றிருந்த காலம்.

"மானா பெர்கி?" எங்கே போகிறாய் என்று கேட்டார் புதியவர்.

"காசி மாக்கான் லா," என்று திருநாவுக்கரசு காட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

துப்பாக்கி அவர் நெஞ்சுக்கு வந்தது. காரில் ஒரு புட்டித் தண்ணீரும் அகப்பட்டது. பேட்டரியில் ஊற்றும் தண்ணீர்தான். ஆனால் சோறும் ஆயிற்று, தண்ணீரும் ஆயிற்று, வேறென்ன சாட்சி வேண்டும்? ஸ்டேஷன்வரை அவரையே ஓட்டவைத்தார்கள். பேட்டரிக்கு அன்று வயிறு நிறையச் சார்ஜ்.

"சோறு யாருக்குய்யா?" என்றார் போலீஸ் சார்ஜன் சைபுதீன். அவருக்குத் தமிழ் நன்றாக வரும்.

"பேட்டரிக்குங்க. தொரைகிட்ட கேட்டுப் பாருங்க."

சார்ஜன் வயர்லெஸ்ஸில் பங்களாவைக் கூப்பிட்டார். சத்தமே இல்லை.

"ஒன் தொரை வாயே தொறக்கலையே."

"எப்படிங்க தொறப்பாரு? அவரோட பேட்டரி ஒங்க வாசல்ல நிக்கிற கார்லல்ல இருக்கு!"

"நல்லா கத விடுறலா," என்று சார்ஜன் கம்பிக் கதவைப் பூட்டினார்.

காட்டுக்குச் சோறு கொடுத்தவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. திருநாவுக்கரசு பிறந்ததே இதே மலாயாவின் ரஹாங்கில். எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று நினைத்து நினைத்து அழுதார்.

மூன்றாம் நாள் துரையின் கடிதம் வந்தது. சார்ஜன் படித்துக் காட்டினார்: "என் வயர்லெஸ் பேட்டரியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். தினமும் காரில் ஓட்டி அதற்குச் சார்ஜ் ஏற்ற வேண்டும். உடனே அனுப்பவும்."

"என்னப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காருங்களா?"

சார்ஜன் காகிதத்தின் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். "இல்லலா. ஆனா பேட்டரிய ஓட்டிட்டுப் போக ஆளு வேணுமே. கெளம்பு."

வீட்டில் மனைவி மயிலம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "ரெண்டு நாளா பங்களா வாசல்ல நின்னு, என் புருஷன விடச்சொல்லி எழுதிக் குடுங்கன்னு அழுதேங்க. அது போலீஸ் சமாச்சாரம்னுட்டாரு தொரை. இன்னிக்குத்தான் புத்தி வந்துச்சு. பேட்டரியும் லாக்கப்புலதான் இருக்குன்னேன். நின்ன நெலையில எழுதிட்டாரு."

மறுநாள் காலை கேட்டில் அதே காவலர்.

"மானா பெர்கி?"

காட்டோரச் சாலையை ஒருமுறை பார்த்துக்கொண்டார் திருநாவுக்கரசு.

"ஜாலான் ஜாலான்," என்றார். சும்மா ஊர் சுற்றப் போகிறேன்.

காவலர் சிரித்துக்கொண்டே கட்டையைத் தூக்கிவிட்டார்.