அமொய்தாவின் சான்றிதழ்

மரோனி ஆற்றங்கரையில் அமொய்தாவை அறியாதவர் இல்லை, மதித்தவரும் இல்லை. எதிர்க்கரை சுரிநாம் கடைகளிலிருந்து நாற்பது வயதுவரை படகில் பீர்ப் பெட்டி ஏற்றி வந்தவன். போன வருடம் நகரமன்றம் அவனைத் தலைநகர் கயேனுக்கு அனுப்பிப் படகோட்டிச் சான்றிதழ் வாங்கித் தந்தது. எட்டு நாள் பயிற்சி, அதில் மூன்று நாள் நீச்சல் குளத்தில். அற்பனுக்கு வாழ்வு வந்தால் கேட்கவா வேண்டும்! சான்றிதழுக்கு உறை போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தான்.

பள்ளிக்கூடப் படகில் பின்னால் மோட்டார் அவன் கையில். முன்முனையில் கழியோடு நிற்பவர் தொலிங்கா. அவர் பாறையைக் கண்டு கை காட்டுவார், இவன் திருப்புவான், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடத்தில் தொலிங்கா ஒரு பிள்ளையின் புத்தகப் பையைக்கூட நனைய விட்டதில்லை.

"கழி பிடிக்க ஒரு ஆளா? தண்டச் சம்பளம் மேடம்" என்று நகரமன்றத்தில் போய் ஓதினான் இந்த மகாராஜன்.

பேச்சு தொலிங்காவின் காதுக்கும் வந்தது. போனால் போகட்டும் என்று விட அவருக்கு வேறு வேலையும் தெரியாது.

கோடையில் ஆறு வற்றிப் பாறைகள் தலைகாட்டிய ஒரு திங்கட்கிழமை, ஒற்றை ஆள் போதுமா என்று பார்க்க நகரமன்றத்திலிருந்து லூசெத் மேடம் நோட்டுப் புத்தகத்தோடு துறைக்கு வந்தாள். தொலிங்காவைக் கரையில் நிற்கச் சொன்னார்கள். பிள்ளைகள் ஏறினார்கள். கடைசியாக மகளை ஏற்றிவிட வந்தாள் அமொய்தாவின் மனைவி செலினா.

"முன்னாடி யாருய்யா?"

"யாரும் வேணாம். நான் இருக்கேன்ல."

"நீ இருக்கதுதான் எனக்குப் பயமே." மகளைக் கையைப் பிடித்து இறக்கினாள். "ஏய், எல்லாரும் எறங்குங்க!"

பதினான்கு பிள்ளைகளும் இறங்கிவிட்டார்கள். காலிப் படகில், ஆரஞ்சு மிதவைச் சட்டையும் சான்றிதழுமாக, அமொய்தா மட்டும் உட்கார்ந்திருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

"தொலிங்கா அண்ணே, நீங்களும் ஏறுங்க. நானும் வர்றேன்" என்றாள் மேடம்.

அவர் ஏறிக் கழியை எடுத்தார். பிள்ளைகளும் திரும்ப ஏறினார்கள். போன மானத்தைப் பிடிப்பவன்போல அமொய்தா மோட்டாரை முழு வேகத்தில் முறுக்கினான். தொலிங்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையை மட்டும் தூக்கினார்.

மோட்டார் அடங்கியது. இடது பக்கம் கையை அசைத்தார். படகு இடது பக்கம் திரும்பியது.

"இதுக்கு சர்டிபிகேட் எங்க தர்றாங்கண்ணே?" என்று கேட்டுக்கொண்டே மேடம் எழுதினாள்: இரண்டு ஆள்.