மின்மினிக்கு ஸ்டாலியன் தேடிய சீசன்

குதிரையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிய முட்டாள் நான். நம்பியதோடு நிறுத்தவில்லை, மந்தைவெளி டீக்கடையில் சத்தமாகச் சொல்லியும் இருக்கிறேன். ஒரு குதிரையின் பரம்பரைத் தாளில் மேல் பாதி அப்பா வழி, கீழ்ப் பாதி அம்மா வழி. இது தெரியாமல் பல வருஷம் அம்மா வழித் தாத்தாவை அப்பா வழித் தாத்தாவாக்கி, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்திருக்கிறேன். யாரும் திருத்தவில்லை. அவர்களுக்கும் தெரியாது போல.

கோட்டூர்புரம் பக்கம் ஒரு சவாரிப் பள்ளியில் மேலாளர் வேலை எனக்கு. தீவனம், லாடம், வகுப்பு நேரம், பெற்றோர் சண்டை, இதுதான் என் உலகம். எங்கள் லாயத்துக்குக் குதிரைகள் வளர்ந்த பிறகு வரும், வயதானதும் போகும். குட்டி போட வைக்கும் வேலை எங்களிடம் கிடையாது. ஆகவே மின்மினி என்ற பெண் குதிரைக்கு ஸ்டாலியன் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது எனக்கு அதில் அனுபவம் பூஜ்யம். ஆனால் வேறொரு அனுபவம் நிறைய இருந்தது. எங்கள் சொந்தத்தில் யாருக்கு வரன் பார்ப்பதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பேசிப் பேசியே முடித்துவைப்பேன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என்னைக் கவிழ்த்தது. லாயத்து வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரித்தால் போதும்.

1. கடைசி சீசன்

மின்மினி தடை தாண்டும் குதிரை. செம்பழுப்பு நிறம், மெலிந்த உடம்பு, எவ்வளவு உயரக் கட்டை வைத்தாலும் முன்னங்கால்களை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு பறக்கும். அதன் மேல் பறந்தவள் ஷாலினி. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் ஒரே மகள், அடையாறில் கல்லூரி முடித்தவள். ஒருநாள் பயிற்சியில் மின்மினியின் முன்னங்கால் தசைநார் கிழிந்தது. நடக்கலாம், மெதுவாக ஓடலாம், இனித் தாண்டக் கூடாது.

ஷாலினி வேறு குதிரை வேண்டாம் என்றுவிட்டாள். "அங்கிள், இவளோட குட்டி மேல நான் உக்காரணும். இல்லன்னா சவாரியே வேணாம்."

மின்மினிக்கோ வயதாகிவிட்டது. கால்நடை டாக்டர் பிலோமினா சாந்தோமில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு வந்து ஸ்கேன் பார்த்தார். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "இந்த சீசன் முயற்சி பண்ணலாம். அடுத்த வருஷம் என்னைக் கூப்பிடாதீங்க, நான் ஒத்துக்க மாட்டேன்."

ஆக, ஒரே சீசன், ஒரே குட்டி. அப்பாவைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை அண்ணாச்சி என் தலையில் வைத்தார். "மேனேஜரே, எனக்கு வேட்டி சேலை தெரியும், குதிரை தெரியாது. நீரு பாத்து ஒரு நல்ல எடமா முடிச்சுக் குடும்."

நல்ல இடம் என்றாரா, அத்தோடு எனக்குள் இருந்த கல்யாணத் தரகன் விழித்துக்கொண்டான்.

2. போட்டோக்கள்

ஆளுக்கு ஒரு ஸ்டாலியனை மனதில் வைத்திருந்தார்கள். ஸ்டாலியன் என்றால் விதை அடிக்காமல், இனவிருத்திக்கென்றே வைத்திருக்கும் ஆண் குதிரை. எங்கள் லாயத்தில் மின்மினிக்குத் தீனி வைத்துத் தேய்த்துவிடும் முனுசாமி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பண்ணையில் நின்ற, ராஜஸ்தான் இனமான மார்வாரிக் குதிரையின் போட்டோவைப் போனில் காட்டினான்.

"இன்னா சார் யோசன? காதைப் பாத்தியா, ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொட்டுக்கினு கீது. நெத்தியில சுழி பாரு. இந்த மாதிரி சுழி கீற குதிர வூட்டுக்கு வந்தா ராஜயோகம் நைனா."

"தடை தாண்டுமா?"

"சுழி நல்லா கீதுன்றேன். தாண்டுமான்னு கேக்குறியே?"

நான் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு சுழியைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அதில் ராஜயோகமும் தெரியவில்லை, ராகுகாலமும் தெரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். ஷாலினி பார்த்துவிட்டு, "அழகா இருக்கான் அங்கிள். ஆனா இவன் வம்சம் தூரம் போறதுக்கு. எனக்கு உயரம் போகணும்" என்றாள்.

அவளே விசாரித்துப் பெங்களூர்ப் பக்கம் ஒரு பண்ணையைக் கண்டுபிடித்தாள். அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு வார்ம்பிளட் ஸ்டாலியன்கள். தடை தாண்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த வகை. ஒன்று கறுப்பு. கழுத்தை வளைத்து நின்றால் கோயில் வாசல் யாளி தோற்றுவிடும். இன்னொன்று பழுப்பு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கி எழுந்ததுபோல் நின்றது.

அண்ணாச்சி கறுப்பின் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கினார். துணியை மடித்துப் பார்ப்பதுபோல் போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "பட்டு மாரில்லா மினுங்குது! இதுக்கு மேல என்ன யோசனைங்கேன்?"

"அப்பா, மினுங்குறது எண்ணெயும் தேய்ப்பும். முதுகைப் பாருங்க, எவ்வளவு நீளம்" என்றாள் ஷாலினி.

முனுசாமி இன்னும் சுழியிலேயே நின்றான். நான் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

3. போனில் சொன்ன பொய்கள்

அந்தப் பெங்களூர்ப் பண்ணையை நடத்துபவர் ராணுவத்தில் குதிரைப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு மேஜர். கோயம்புத்தூர்க்காரர். வார்த்தைகளை எண்ணி எண்ணித்தான் வெளியே விடுவார். போன் போட்டேன். எடுத்ததும் கேட்டார்: "உங்க மேருக்கு என்னங்க குறை?"

மேர் என்றால் பெண் குதிரை. இந்த இடத்தில்தான் மண்டைக்குள் ஏதோ தடம் மாறியது. நாம் பெண் வீட்டுக்காரர்கள். எதிரே மாப்பிள்ளை வீடு. பெண்ணுக்கு என்ன குறை என்று கேட்டால் எந்தப் பெண் வீட்டுக்காரன் பட்டியல் போடுவான்?

"குறையா? ஒண்ணும் கிடையாது சார். குணம் தங்கம்."

"கோபம்?"

"பச்சைக் குழந்தை சார். எறும்புக்குக்கூட வழி விட்டுத்தான் நடக்கும்."

இதைச் சொல்லும்போது என் சட்டையின் தோள்பட்டையில் மின்மினி காலையில் கடித்துக் கிழித்த ஓட்டை காற்றாட இருந்தது.

"முதுகு நீளமா?"

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி."

அதன் முதுகு நீளம், தாண்டும் குதிரைக்கு அது ஒரு குறை. ஷாலினியோடு இன்னும் ஒரு ஆளும் உட்காரலாம்.

மேஜர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப கறுப்பன் போதுங்க. அவனுக்கு முதுகு கொஞ்சம் நீளம், கோபமும் உண்டு. உங்க மேர் ரெண்டையும் சரிக்கட்டிரும்."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்த இரண்டு குறையை நான் மறைத்தேனோ, அதே இரண்டு குறையுள்ள மாப்பிள்ளையை அவர் பொருத்தம் பார்த்துக் கொடுத்திருக்கிறார். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சு கொடுத்தாகிவிட்டதே, இப்போது போய் எங்கள் பெண் கொஞ்சம் கோபக்காரி என்றால் என்ன மரியாதை? கோட்டூர்புரத்திலிருந்து மந்தைவெளிக்கு ரயிலில் வரும்போது, மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் பிளஸ் என்று பள்ளியில் படித்ததை வாழ்க்கையில் முதல்முறையாகப் பயன்படுத்திப் பார்த்தேன். நீள முதுகும் நீள முதுகும் சேர்ந்தால் குட்டை முதுகு. கோபமும் கோபமும் சேர்ந்தால் சாந்தம். மந்தைவெளி வந்தும் இறங்க மறந்து அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அண்ணாச்சியிடம் கறுப்பு முடிவாகிவிட்டது என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ஷாலினிதான் கேட்டாள்: "மேஜர் இவளைப் பத்தி எல்லாம் கேட்டாரா அங்கிள்?"

"எல்லாம் கேட்டார்மா" என்றேன். அது மட்டும் பொய்யில்லை.

4. பெண் பார்க்க வந்தவர்

மின்மினியைப் பண்ணைக்கு அனுப்புவதற்கு முன், சென்னையில் ஒரு போட்டிக்கு நடுவராக வந்த மேஜர் எங்கள் லாயத்துக்கும் வந்துவிட்டார். சொல்லாமல் வந்தார். சொல்லியிருந்தால் நான் லீவு போட்டிருப்பேன்.

அண்ணாச்சி பதநீர் வாங்கி வைத்து வரவேற்றார். முனுசாமி மின்மினியை வெளியே கொண்டுவந்து பக்கவாட்டில் நிறுத்தினான். மேஜர் தள்ளி நின்று பார்த்தார். முதுகைப் பார்த்தார். மறுபடியும் முதுகைப் பார்த்தார். கிட்டே வந்தார். மின்மினி காதைப் பின்னால் மடக்கி, அவர் தலையிலிருந்த தொப்பியைப் பல்லால் பிடுங்கி, வேலிக்கு அப்பால் வீசியது. பிறகு, யாருக்கும் சந்தேகம் வேண்டாம் என்பதுபோல், தண்ணீர் வாளியை ஒரு உதை.

மேஜர் என்னைப் பார்த்தார். "எறும்புக்கு வழி விடும்னீங்க."

"புது ஆளுங்கன்னா கொஞ்சம் வெக்கம் சார்..."

"புது ஆளா?" என்றான் முனுசாமி. "தெனம் தீனி போடுற ஆளு நானு. சட்டையக் கழட்டிக் காட்டட்டா சார்? முதுகுல ரெண்டு பக்கமும் பல்லு பதிஞ்சு கீது."

"ஏன் மறைச்சீங்க?" என்றார் மேஜர்.

வேறு வழியில்லை. "பொண்ணு வீடு சார். எப்படிக் குறையைச் சொல்றது?"

அண்ணாச்சி சிரித்தார். மேஜர் சிரிக்கவில்லை. "கல்யாணத்துல மறைச்சா அவங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குவாங்க. இங்க நீங்க மறைச்ச முதுகைக் குட்டி சாகற வரைக்கும் தூக்கிட்டு நடக்கணுங்க. அது மேல இந்தப் பொண்ணு உக்காரணும்."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஷாலினி என்னிடம் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்: "எட்டு வருஷம் இவ முதுகுல உக்காந்திருக்கேன் அங்கிள். என்கிட்ட போனைக் குடுத்திருக்கலாம்."

மேஜர் என்னையே சொல்லச் சொன்னார். மின்மினியின் எதிரே நின்று, அதன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதுகு நீளம். கோபம். பின்னங்கால் கொஞ்சம் நேராக நிற்கும். சத்தம் கேட்டால் மிரளும். நான் விட்டதை ஷாலினி சேர்த்தாள். மின்மினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எந்தப் பெண்ணையும் எதிரில் நிற்கவைத்து இப்படிக் குறை பேசியதில்லையே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

"இப்ப நல்லதைச் சொல்லுங்க" என்றார் மேஜர். "மறுபடியும் கவிதை வேண்டாம்."

"முன்னங்காலை மடக்குற அழகு. தைரியம். ஒரு தடையையும் மறுத்ததில்ல" என்றாள் ஷாலினி.

"அப்ப கறுப்பன் வேண்டாம். பழுப்புதாங்க." போனில் காட்டினார், ஸ்டாலியனை அல்ல, அதற்குப் பிறந்த குட்டிகளை. வெவ்வேறு தாய்கள், வெவ்வேறு ஊர்கள். எல்லாவற்றுக்கும் முதுகு குட்டை. யாரோ தெரியாத ஆட்கள் ஏறி அமர்ந்தாலும் எல்லாம் அலட்டிக்கொள்ளாமல் நின்றன. "ஸ்டாலியனைப் பாக்காதீங்க. அவன் பெத்ததைப் பாருங்க."

அண்ணாச்சிக்குத்தான் மனசே வரவில்லை. "மேஜரே, எல்லாம் சரி. மூஞ்சியப் பாத்தீரா? எருமகிட்ட இரவல் வாங்குன மூஞ்சி மாரில்லா இருக்கு."

"மூஞ்சியால தாண்டறதில்லைங்க."

"சுழியும் சரியில்ல மொதலாளி" என்றான் முனுசாமி, கிடைத்த வாய்ப்பை விடாமல்.

ஷாலினி குட்டிகளின் வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "இவன்தான்" என்றாள். முடிந்தது.

5. குட்டி

மின்மினி பண்ணைக்குப் போனது. முதல் முறை சினை பிடிக்கவில்லை. ஷாலினி காலி லாயத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். முனுசாமி சுழியைக் குறை சொன்னான், நான் என்னைக் குறை சொன்னேன். அடுத்த முறை பிடித்தது. டாக்டர் பிலோமினா ஸ்கேன் திரையில் ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டியபோது அண்ணாச்சி, "இதுலயும் மூஞ்சி தெரியுதா டாக்டர்?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

குட்டி எங்கள் லாயத்திலேயே பிறந்தது. ஆண். தள்ளாடி எழுந்து நின்று பால் குடித்தது. ஷாலினி வைக்கோலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. கிட்டே போய்ப் பார்த்தேன். முகம் அப்படியே அப்பன் முகம், தூங்கி எழுந்த எருமை. சரி, குணமாவது அப்பன் குணமாக இருக்கும் என்று கையை நீட்டினேன். காதைப் பின்னால் மடக்கியது. பல் முளைக்காத ஈறால் என் விரலைக் கவ்வியது. அது அம்மா.

முதுகைப் பார்த்தேன். பிறந்த குட்டிக்கு எல்லாமே கால்தான், முதுகு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே புரியவில்லை. முனுசாமியோ நெற்றியைத் தடவிப் பார்த்து, சுழி நன்றாக இருக்கிறது என்று துள்ளினான். சுழி சரியில்லை என்று அவனே சொன்ன ஸ்டாலியனிடமிருந்து நல்ல சுழி எப்படி வந்தது என்று கேட்டால், அது தாய் வழி என்றான். மறுபடியும் எனக்குப் பரம்பரைத் தாளின் மேல் பாதி எது, கீழ்ப் பாதி எது என்று சந்தேகம் வந்துவிட்டது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். மேருக்கு ஸ்டாலியன் தேடப் புறப்படும்போது முதலில் உங்கள் மேரின் குறைகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

தெரியாததால்தான் அன்றே மேஜருக்குப் போன் போட்டேன். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. முகம், காது, கடி, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "மூஞ்சி அப்பன், கோபம் அம்மா. நாம வேணும்னு நெனச்சதுக்கு நேர் எதிரா வந்து நிக்குது சார். நாம எடுத்தது சரியா, தப்பா?"

"தாண்டட்டுங்க, சொல்றேன்" என்றார் மேஜர்.