கட்டிப்போட்ட நாயும் மூன்று முட்டைகளும்

கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்கு பஸ்ஸில் போய் வருகிறவன் நான். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு என்பதே வெளியூர் நண்பர் ஒருவர் சொல்லித்தான் உறைத்தது. கரை மணலில் உப்புக்கொத்திப் பறவைகள் முட்டையிட்டிருக்கின்றன என்றார் அவர். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

காலை 5 மணிக்கு பஸ். புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் மாறி மணமேல்குடியில் இறங்கும்போது மணி 8.30. அங்கிருந்து 6 கி.மீ. தள்ளியிருந்த மீனவர் குடியிருப்புக்கு ஆட்டோ 150 ரூபாய். "குருவி பாக்கவா இம்புட்டு தூரம் வாரீங்க?" என்றார் டிரைவர். "அதுகளுக்காக அங்கிட்டு நாயெல்லாம் கட்டிப்போட்டுருக்காங்க."

உப்புக்கொத்தி கூடு கட்டாது. மணலில் ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். மனிதரோடு கரைக்கு வந்த நாய்களுக்கு அது பரிமாறி வைத்த இலை. அதனால் குஞ்சு பொரிக்கும்வரை நாய்களைக் கட்டுவது, மீன் கழிவைக் கரையில் கொட்டாமல் புதைப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள்.

இதில் அதிகம் சிரமப்படுபவர் கருவாடு காயவைக்கும் செல்வி அக்கா. காக்கை விரட்டுவதுதான் அவருடைய நாய்க்கு வேலை. "இப்ப அது நெழல்ல படுத்துருக்கு, நான் வெயில்ல வெரட்டுறேன்" என்று சிரித்தார்.

கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்று ஒரு பறவையைக் காட்டினார். அது எழுந்தபோது பைனாகுலரில் மூன்று முட்டைகள் தெரிந்தன. அந்த நேரம் பார்த்து அக்காவின் நாய் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு எல்லைக்குள் பாய்ந்தது. பறவை சிறகொடிந்ததுபோல் நடித்து வேறு பக்கம் ஓட, நாய் அதைத் துரத்தியது. நாயை விரட்ட நான் எல்லைக்குள் ஓடப்போனேன்.

"தொரத்துனா வெளாட்டுன்னு நெனச்சு உள்ளயே சுத்தும்" என்ற அக்கா, இருப்பதிலேயே பெரிய சீலாக் கருவாட்டை எடுத்து நீட்டியபடி கயிற்றோரமாக நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நாய் வாலாட்டிக்கொண்டு வந்தது. பிடித்துக் கட்டிவிட்டுத் திரும்பினால், விரித்த கருவாட்டின் மேல் காக்கைக் கூட்டம்.

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "முட்டை இருக்கா தம்பி? கண்ணாடியில பாத்துச் சொல்லுங்க."

"மூணும் இருக்குக்கா. தாயும் வந்து உக்காந்துருச்சு."

அப்புறம்தான் காக்கை விரட்டும் கம்பை எடுத்தார்.

இந்தக் கரையில் குஞ்சுகள் பிழைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். கயிற்றைத் தாண்டாதீர்கள், நாய்க்கு எதையும் போடாதீர்கள். செல்வி அக்காவிடம் கருவாடு வாங்கினால் பேரம் பேசாதீர்கள். காக்கை தின்ற பங்கை அவர் யாரிடமும் கேட்கவில்லை.