ஆசிலேட்டருக்கு வைத்த பொட்டு

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சர்க்யூட் போர்டு கிடக்கிறது. ஒரு ஐசி, சில ரெசிஸ்டர்கள், இரண்டு கெப்பாசிட்டர்கள், திருகி வைக்கும் பிரீசெட் ஒன்று. ஒரு ரெசிஸ்டரின் இரண்டு கால்களுக்கும் நடுவே மஞ்சளும் சிவப்புமாய் ஒரு கறை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் முழுக்கப் போகவில்லை. யாராவது கேட்டால் பழைய போர்டு என்று மட்டும் சொல்லிவிடுவேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். பெரிய ஆலைகளுக்குச் சோதனைக் கருவிகள் செய்து கொடுப்போம். நானும் பாகலூரிலிருந்து வந்த ஒருவரும் ஒரே வாரத்தில் காண்ட்ராக்டில் சேர்ந்தோம். இருவரில் ஒருவரைத்தான் பெர்மனென்ட் செய்ய முடியும் என்று மேனேஜர் எங்களை எதிரே உட்காரவைத்தே சொன்னார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு வந்தவன் நான். வேலை போனால் மாமனார் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும். பாகலூர்க்காரர் வீட்டில் தெலுங்கு பேசுவார், போனில் கன்னடம், என்னிடம் தமிழ். போனில் கன்னடத்தில் பேசிச் சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்வேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, என் சுபாவம் அது.

அதிர்வைக் கண்டறியும் சென்சார்களைச் சோதிக்க, நொடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் சைன் அலை வேண்டும் என்று ஓர் ஆலை கேட்டது. அந்த அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் சர்க்யூட்டை வரைந்தது நான், சால்டர் செய்தது அவர். அவ்வளவு மெதுவான அலைக்கு மிகப் பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர்கள் வேண்டும். ஐசி அலையைப் பெருக்குவது மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைந்தால் அலை அடங்கிவிடும். கொஞ்சம் கூடினால் உச்சி தட்டையாகிவிடும். பிரீசெட்டைத் திருகித் திருகி அந்த இடத்தைப் பிடிக்க மூன்று நாளானது. அலையைக் காட்டும் ஸ்கோப் திரையில் வளைவு வழவழவென்று எழுந்து இறங்கியதும், “சார், நம்ம சர்க்யூட்டு எவ்ளோ அழகா ஓடுதுங்க பாருங்க” என்றார். வரைந்தவன் நான் இருக்க, அதற்குள் எப்படி நம்ம சர்க்யூட் ஆனது என்றுதான் எனக்கு ஓடியது.

மறுநாள் ஆயுத பூஜை. அன்றைக்கு எங்கள் ஷெட்டில் ஸ்க்ரூ டிரைவர்கூடப் பொட்டில்லாமல் இருக்காது. லேத், கம்ப்யூட்டர், மேனேஜரின் ஸ்கூட்டர் என எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வேலை எனக்கு. ஆசிலேட்டருக்குப் பெட்டி இன்னும் வரவில்லை. அதை மட்டும் விடுவானேன் என்று போர்டிலேயே ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டேன்.

விடுமுறை முடிந்து வந்த காலையில் நல்ல பனி. அலை பத்துக்குப் பதில் பதினொன்றில் ஓடியது, உச்சியும் தட்டை. மத்தியானத்துக்குள் தானாகச் சரியானது. அடுத்த நாளும் அதே கதை. பாகலூர்க்காரர் முதல் பஸ்ஸில் வந்து ஏழு மணிக்கெல்லாம் உள்ளே இருப்பார். நான் போகும்போது மேசை விளக்கைப் போர்டுக்கு மிக அருகே இழுத்து வைத்துக் குனிந்திருப்பார். “காலைல குளுருக்கு இது மக்கர் பண்ணுதுங்க சார். கொஞ்சம் சூடு காட்டுனா சரியாயிடுது” என்பார். கெடுப்பவரும் இவரே, சரிசெய்து பெயர் வாங்கப்போகிறவரும் இவரே என்று முடிவுகட்டினேன். பிரீசெட்டின் மேல் மனைவியின் நெயில் பாலிஷை ஒரு சொட்டு வைத்துவிட்டு வந்தேன்; யாராவது திருகினால் விரிசல் விடும். காலையில் அலை மறுபடி கெட்டிருந்தது, ஆனால் விரிசல் இல்லை. அதே நிறம் வாங்கி மறுபடி பூசியிருப்பார் என்று நினைத்தேனே ஒழிய, போர்டைக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. என் கண்ணெல்லாம் அவர் கையிலேயே இருந்தது.

ஆலைக்காரர்கள் பார்க்க வரும் நாள் நெருங்கியது. மேனேஜரிடம் போய், பாகலூர்க்காரர் தனியாக இருக்கும்போதுதான் அது கெடுகிறது என்றேன்.

“நீங்க நேர்ல பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

அது பொய். அந்த வாரக் கடைசியில் அவருடைய காண்ட்ராக்டை முடித்துவிட்டார்கள். டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். “வரேங்க சார். அந்த போர்ட மட்டும் கொஞ்சம் நல்லா பாருங்க” என்றார். போகிற போக்கில் மிரட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு நான்தான் முதல் ஆள். அலை பதினொன்றில் ஓடியது, உச்சி தட்டை. அவர் செய்ததைப் போலவே விளக்கைக் கிட்டத்தில் இழுத்தேன். ரெசிஸ்டரின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்தபடி, பனியின் ஈரத்தில் மினுமினுத்துக்கொண்டிருந்தது நான் வைத்த பொட்டு. ஈரமிருக்கும்வரை மின்சாரம் அதன் வழியாகவும் கசிந்து அலையின் வேகத்தைக் கூட்டும், உலர்ந்தால் கசிவு நின்றுவிடும். துடைத்தேன். அலை பத்தில் வந்து நின்றது. மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம். பாகலூர்க்காரருடைய போன் நம்பர்கூடச் சுவரில் எழுதியிருந்தது. நான் சொல்லவில்லை. ஆலைக்காரர்கள் வந்து பார்த்து ஒப்புக்கொண்டார்கள், எனக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. அவர்களுக்குப் புதுப் போர்டு செய்து அனுப்பியபோது, இந்தப் போர்டை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

சில வருடம் கழித்துக் குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையில் அவரைப் பார்த்தேன். வாங்கிய பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தேன், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

“சார்! நல்லா இருக்கீங்களா? வீட்ல சௌக்கியங்களா?”

டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார். பிறகு கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே, “அந்தப் பொட்டத் தொடச்சிட்டீங்களா சார்?” என்று கேட்டார்.

“எந்தப் பொட்டு?” என்றேன்.

“ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டுப் பசுவை ஓட்டிக்கொண்டு போனார்.

பொட்டுதான் காரணம் என்று தெரிந்தும் அவர் ஏன் வாய்விட்டுச் சொல்லவில்லை? சாமி கும்பிட்டு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்று விட்டாரா, மேனேஜர் முன்னால் எனக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று விட்டாரா, இல்லை நான் வேண்டுமென்றே அங்கே வைத்தேன் என்று நினைத்தாரா? நல்ல மனதோடுதான் இருந்திருப்பார் என்று நம்ப எனக்கு இன்னும் வரவில்லை. நம்பிவிட்டால் நான் செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். போன வாரம் இழுப்பறையைத் துடைத்த மகள் போர்டை எடுத்துக் காட்டி, “இதுல யாருப்பா பொட்டு வெச்சது?” என்று கேட்டாள். அவளிடமும் தெரியாது என்றேன்.